பயன் என்கிற கட்டம்

புளியரைச் சோதனைச்சாவடிப் பதிவேட்டில்
ஏழு கட்டங்கள்.
வண்டி எண், ஓட்டுபவர், எங்கிருந்து, எங்கே,
பொருள், அளவு.
ஏழாவது, பயன்.
வைக்கோலுக்கு 'மாட்டுக்கு' என்று எழுதுவேன்.
முட்டைக்கு 'உண்ண'.
ஒரு தடவை தூக்கக் கலக்கத்தில்
எம்சாண்டுக்கும் 'உண்ண' என்றே எழுதிவிட்டேன்.
யாரும் கேட்கவில்லை.

ஆனியில், சாரல் பிடித்த மூன்றாம் நாள்
ஒரு குட்டியானை வந்து நின்றது.
பின்னால் தார்ப்பாய்க்குள் என்னமோ
கூனிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.
இறங்கியவர் திவான் மைதீன்,
செங்கோட்டையில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர்.
"பொருள்?"
"குடை."
"எத்தனை?"
"ரெண்டு. ஆனா ஒண்ணுதான்."

விலக்கிக் காட்டினார்.
கீழே சாதாரணக் கறுப்புக் குடை.
அதற்கு மேல் அதைவிடப் பெரிய மஞ்சள் குடை.
நடுவே சைக்கிள் செயின், வைப்பர் மோட்டார்,
கிரைண்டரில் கழற்றிய ஏதோ ஒன்று.
துளி பட்டதும் மஞ்சள் தானே விரியும்,
கறுப்பு நனையாமல் இருக்க.
"பிடிச்சிருக்கிற ஆளு?"
"அவரு நனைவாரு" என்றார் பெருமையாக.
"கைப்பிடி வெளிய நீட்டிக்கிட்டு இருக்கு பாருங்க, அஞ்சடி."

புனலூரில் போட்டியாம்,
உதவாத கருவிகளுக்கு மட்டும்.
துளி உதவினாலும் வெளியே அனுப்பிவிடுவார்களாம்.
உலகம் பூராவும் இதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள் என்று
எண்ணெய்ப் பிசுக்கு நோட்டைப் பிரித்தார்.
நூடுல்ஸ் எடுக்கும் குச்சியிலேயே
அதை ஆறவைக்கக் குட்டிக் காத்தாடி.
உதட்டுச் சாயம் போல உருட்டித் தடவும் வெண்ணெய்.
தவழும் பிள்ளையின் சட்டையில் துடைப்பம் தைத்து
பிள்ளை போகிற பக்கமெல்லாம் தரை பளபளக்க...
அந்தப் பக்கத்தில் சிவப்பு மையில் குறுக்கே அடித்திருந்தார்.
"இது கள்ளாட்டம். வீடு சுத்தமாயிடுதுல்ல."

பின்னால் ஒரு கோழி லாரி
ஹாரனை விட்டுக் கையெடுக்கவில்லை.
"பயன் என்னன்னு போட?"
"ஒண்ணும் இல்ல."
"காலியா விடக் கூடாது, சார் திட்டுவாரு."
அவர் வேறெதையோ சொல்ல வாயெடுப்பதற்குள்
'மழைக்கு' என்று எழுதி
சீட்டைக் கிழித்துக் கொடுத்தேன்.

மறுநாள் மாலை திரும்பி வந்தார்.
தார்ப்பாய் கட்டவில்லை. மஞ்சள் குடை தொய்ந்திருந்தது.
நடுவர் கோஷி சார் சுற்றிச் சுற்றிப் பார்த்தாராம்,
சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீராம்.
கடைசியாக, வண்டியோடு வந்த சீட்டைக் கேட்டு வாங்கி
கண்ணாடியை ஏற்றிவிட்டு வாசித்தாராம்:
மழைக்கு.
'சர்க்கார் ரேகையில் பிரயோஜனம் உண்டல்லோ மைதீனே.'
அவ்வளவுதான்.
பரிசு, கொல்லத்துக்காரன் ஒருவனின்
எழுதும்போதே அழித்துக்கொண்டு போகும் பேனாவுக்கு.

எனக்கு மன்னிப்புக் கேட்கத்தான் தோன்ற வேண்டும்.
தோன்றியது, ஆனால் இரண்டாவதாக.
முதலில் தோன்றியதை அவரிடம் சொல்லவில்லை:
பதினோரு வருஷம், எத்தனை பதிவேடு,
கட்டுக்கட்டாய் மாடியில் கரையான் அரிக்க,
நான் எழுதிய ஒரு சொல்லை
ஒரு மனுஷன் கண்ணாடி போட்டு வாசித்திருக்கிறார்.
அதை நம்பி ஒரு முடிவும் எடுத்திருக்கிறார்.

"விடுங்கம்மா" என்றார் அவர்.
"எழுதினது எழுதினதுதான்."
சாரல் வலுத்தது.
வண்டியில் மஞ்சள் குடை முனகி, பாதி விரிந்து, நின்றது.
கறுப்புக் குடையில் ஒரு பக்கம் மட்டும் நனைந்தது.
நாங்கள் இருவரும் முழுசாக நனைந்தோம்.
"பாத்தீங்களா" என்றார்,
"எதுக்கும் ஆகாது."

இந்த வருஷம் ஒரு பெட்டியோடு வந்தார்.
திறக்கவில்லை, நானும் கேட்கவில்லை.
ஏழாவது கட்டத்தில் ஒரு கோடு போட்டேன்.
கை பழகாததால்
கோடு கொஞ்சம் நீண்டு
பக்கத்து வரிசை வாழைக்காய் லாரியின் பயனையும்
அடித்துவிட்டது.