பொத்தான் இடப்பக்கம்

பேருந்து ஓட்டுகிற ஐவின் கொண்டுவந்தான்,
துருவின் நிறத்தில் ஒரு ஸ்வேட் ஜாக்கெட்,
பிளாஸ்டிக் பையில் சுருட்டி.
முதலில் பையைத்தான் பிடுங்கினேன்.
தோலுக்கு மூச்சு வேண்டும் என்றேன்.
செத்த பிறகுமா என்றான்.
செத்த பிறகுதான்.

பெர்கனில் வாரத்துக்கு ஐந்து நாள் மழை,
ஆறாம் நாள் தூறல்,
ஏழாம் நாள் ஞாயிறு, கடை இல்லை.
எழுபத்து மூன்றிலோ நான்கிலோ
இந்த ஊரில் யாரோ, தெளிந்த புத்தியோடு,
காசை எண்ணிக் கொடுத்து
இதை வாங்கியிருக்கிறார்.
அந்தத் துணிச்சலுக்காகக்
கூலியில் ஐம்பது குரோனர் குறைத்தேன்.

கழுத்துப் பட்டையில் வேர்வை மெழுகு.
முழங்கைகளில் வழுக்கை.
பையில் ஒரு தீக்குச்சி, மருந்து உதிர்ந்தது.
முன்புறமெல்லாம் வட்டம் வட்டமாக மழை,
அம்மைத் தழும்பு மாதிரி.
அதற்கு வைத்தியம் உண்டு:
கெட்டிலின் ஆவியை ஒரு சாண் தள்ளிக் காட்டி,
மயிர் விழிக்கிற நேரம் பார்த்து
பித்தளைத் தூரிகை, ஒரே திசையில்.
எதிர்த்துப் போனால் கறுக்கும்,
திரும்பி வந்தால் வெளுக்கும்,
முன்கோபக்காரன் முகம்.

முதுகில், இடத் தோள்பட்டைக்குக் கீழே
ஒரு கறை.
சோளமாவு தூவி
இரவெல்லாம் குடிக்க விட்டேன்.
காலையில் தட்டினால் மாவு மஞ்சள்,
கறைக்கு விரல் இருந்தது.
நான்கு விரல், முதுகெலும்பைப் பார்த்து.
கட்டைவிரல் மேலே.
வலக்கை.
மோந்து பார்த்தேன். மீனா, மோட்டாரா,
தலைக்குத் தடவுவதா?
ஐம்பது வருடம் போனால்
எல்லா எண்ணெயும் பழைய மெழுகுவர்த்திதான்.
ஒரு ராத்திரியில் வந்ததல்ல.
சனிக்கிழமை சனிக்கிழமையாக
ஒரே இடத்தில் வைத்த கை,
பாட்டு மாறினாலும்
இடம் மாற்றத் தெரியாத கை.
அப்போதுதான் பொத்தானைப் பார்த்தேன்.
இடப்பக்கம்.
பெண்கள் ஜாக்கெட்.

ஐவினுக்குத் தெரியாது.
அவனுக்குச் சனிக்கிழமை நடனம்.
ஆறு வகுப்பு முடிந்துவிட்டது,
ஜோடி இன்னும் அமையவில்லை.
எல்லாக் கறையையும் எடுத்துவிடுங்கள்
என்றான் போனில், இரண்டு முறை.

எடுத்தேன்.
இன்னும் இரண்டு இரவு மாவு,
பிறகு வினிகர் தொட்ட துணி, பிறகு அழிரப்பர்.
சுண்டுவிரல் முதலில் போயிற்று.
உள்ளங்கை கடைசிவரை நின்றது,
காலி செய்த வீட்டில்
யாரும் தூக்க வராத பீரோ போல.
அந்த இடத்துக்கு மட்டும் கொஞ்சம் சாயம்.
இப்போது நான் சொன்னால்தான் தெரியும்.
சொல்லவில்லை.
பொத்தானையும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை போட்டுப் பார்த்தான்.
தோள் கொஞ்சம் பிடித்தது,
இடுப்பு அழகாக விழுந்தது.
பொத்தானில் விரல் தடுமாறியது.
பழசு, அதான் இறுகிவிட்டது என்றான்.
பழசு என்றேன்.

வெளியே கொட்டிக்கொண்டிருந்தது.
கதவுக் கண்ணாடி வழியாக
நிறுத்தத்தை அளந்தான், நூறு அடி இருக்கும்.
ஜாக்கெட்டைக் கழற்றினான்.
உள்ளை வெளியாகத் திருப்பினான்
(ஊதா ரேயான், அதில் மஞ்சள் பூ,
அதையும் கவனிக்கவில்லை),
மடித்துக் கம்பளிச் சட்டைக்குள்
வயிற்றோடு திணித்துக்கொண்டு
ஆறு மாதக் கர்ப்பிணி போல
ஒரு கையால் அடியில் தாங்கி
நூறு அடியும் நனைந்தபடி ஓடினான்.

பிளாஸ்டிக் பை
என் மேசை மேலேயே கிடந்தது.
கூப்பிடவில்லை.