மூன்றாம் சுருள்

மே மாதக் கடைசி வியாழன்.
ஒஹையோவில், நெடுஞ்சாலையோர விடுதியில்
ஐஸ் இயந்திரம் இந்த வருஷமும் பழுது.
நல்லது,
எதுவும் மாறிவிடவில்லை.

வரவேற்பு மேசையில் புதுப் பெண்.
"கல்யாணமா, கருத்தரங்கமா?" என்கிறாள்.
"இரண்டும்தான்" என்கிறான் ஆர்வில் ஸ்டான்சாக்.
ஐந்நூறு மைல் ஓட்டி வந்தவன்,
புரொஜக்டர் பல்பு ஒன்றை மடியில்
அடைகாத்துக்கொண்டே.

மெர்ரிலீக்கு எத்தனை பிள்ளைகள்?
தெரியாது.
எந்தக் காட்சியில் அழுவாள் என்று தெரியும்,
அழுவதற்குச் சற்று முன்
கண்ணாடியைக் கழற்றி முழங்காலில் வைப்பாள் என்றும்.
கஸ் பெட்ராக்கிஸுக்கு வங்கியில் வேலையா,
பிணவறையிலா?
பதினேழு வருஷமாக யாரும் கேட்கவில்லை.
ஊமைப்பட மொன்றில் ஒரே ஒருமுறை
கதவைத் திறந்துவிட்டுப் போனவனின்
ஊர், பேர், செத்த தேதி
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

விற்பனைக் கூடத்தில் மடக்கு மேசைகள்.
போன வருஷம் நான் விற்ற சுவரொட்டியை
இந்த வருஷம் நானே வாங்குகிறேன்,
ஆறு டாலர் கூடுதலாக.
அதைப் பிரிந்திருந்த வாடகை என்று
வைத்துக்கொள்கிறேன்.

பிறகு இருட்டு.
பல்சக்கரத்தில் பிலிம் ஏறும் சத்தம்.
டெல்ஃபின் ரோர்க் பியானோவின் முன்
செருப்பைக் கழற்றிப் போடுகிறாள்.

எங்களிடம் ஒரு படம் உண்டு,
பெயரட்டையே தொலைந்த படம்.
இரண்டாம் சுருளின் முடிவில்
ஒருத்தி ரயில் படியில் கால் வைக்கிறாள்.
நான்காம் சுருளின் தொடக்கத்தில்
நீதிமன்றக் கூண்டில் நின்று சிரிக்கிறாள்.
நடுவில் என்ன ஆயிற்று?
கொலை என்றான் ஆர்வில்.
இரண்டாம் கல்யாணம் என்றாள் மெர்ரிலீ.
இதற்காக இருவரும் நான்கு வருஷம் பேசிக்கொள்ளாமல்
அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்து படம் பார்த்தார்கள்.
கிழவர் ஹெர்ஷல் டட்டில் மட்டும்
"ஒன்றும் ஆகியிருக்காது,
கடைக்குப் போயிருப்பாள்" என்பார்.
அவரை நாங்கள் பொருட்படுத்தியதே இல்லை.

இந்த வருஷம் எபன் ஷ்ராக் வந்தான்.
இருபத்தாறு வயது, முதல் தடவை,
கையில் துருப்பிடித்த தகர டப்பா.
இந்தியானாவில் ஏதோ களஞ்சியம் ஏலம் போனபோது
தையல் இயந்திரத்தோடு சேர்த்துத் தள்ளிவிட்டார்களாம்.
திறந்தால் வினிகர் நெடி.
முதல் அடியில்
ரயில் படியில் ஒரு கால்.

சனி இரவு ஒன்று இருபது.
நூற்றுநாற்பது பேர், யாரும் இருமவில்லை.

இறங்குகிறாள்.
தெருவில் நடக்கிறாள்.
ஒரு கடைக்குள் நுழைகிறாள்.
தொப்பி ஒன்றைத் தலையில் வைத்துப் பார்க்கிறாள்.
கழற்றுகிறாள்.
இன்னொன்று.
பூனை ஒன்று குறுக்கே போகிறது.
பதினோரு நிமிடம்.
இறகு வைத்த தொப்பியை வாங்கிக்கொள்கிறாள்.
சுருள் முடிந்து
வெள்ளைத் திரை.

இடி மின்னலுக்குத் தயாராக வைத்திருந்த கைகளை
டெல்ஃபின் மெல்ல மடியில் இறக்கினாள்.
முதலில் சிரித்தது கஸ்தான்.
பிறகு கூடமே எழுந்து நின்று தட்டியது,
இன்னொரு தடவை போடு, இன்னொரு தடவை என்று.
போட்டோம்.
பூனைக்குத் தனிக் கைதட்டல்.

ஹெர்ஷல் தூங்கிக்கொண்டிருந்தார்.
மூன்றாம் வரிசை, வாய் திறந்தபடி.
எழுப்ப யாருக்கும் மனம் வரவில்லை,
தோற்றுப்போன நாங்கள் கொஞ்சம்
தாமதப்படுத்தினோம் என்றும் சொல்லலாம்.

காலையில், வாஃபிளுக்கு வரிசையில் நின்றபோது சொன்னோம்.
"நான்தான் சொன்னேனே" என்றார், பெருமை எதுவுமின்றி.
சிரப்பை ஊற்றிக்கொண்டே கேட்டார்,
"இறகு என்ன நிறம்?"

கறுப்புவெள்ளைப் படம்.
யாருக்குத் தெரியும்?
சிவப்பு என்றாள் மெர்ரிலீ, உடனே.
பச்சை, என்றான் ஆர்வில்.
தட்டுகள் ஆறின.
வண்டி நிறுத்துமிடத்தில் பெட்டிகளை ஏற்றும்போதும்
அது ஓயவில்லை.
போய் வருகிறேன் என்று
யாரும் யாரிடமும் சொல்லவில்லை.

டொலீடோ தாண்டி ஒரு சிவப்பு விளக்கில்
நின்றிருந்தபோது எனக்குத் தெரிந்துவிட்டது.
நீலம்.
நிச்சயமாக நீலம்.
இன்னும் முந்நூற்று அறுபத்து மூன்று நாள்
இதை வாய்க்குள் வைத்திருக்க வேண்டும்.