ஆணி இருக்கட்டும்

லாபிஸ் டவுனில், ஆ லெக் கடை மேசைமேல்
என் சினாப்பாங் மல்லாந்து கிடக்கிறது.
"இனிமே இந்த இரும்பு எதுக்கு?
கண்ணாடிக்குள்ள குறுக்க நிக்குது. அறுத்துடவா?"
அரத்தைத் தொடையில் தட்டிக்கொண்டே கேட்கிறான்.

அவன் சொல்வதிலும் நியாயம் உண்டு.
தீப்பெட்டி அளவு கருவி, உள்ளே ஒரு சிவப்புப் புள்ளி.
ஒரு கண்ணை இடுக்க வேண்டாம், மூச்சை அடக்க வேண்டாம்;
புள்ளி நிற்குமிடத்துக்குத் தோட்டா போய்ச் சேரும்.
பேட்டரி ஐம்பதாயிரம் மணி நேரம் எரியுமாம்.
கணக்குப் போட்டேன்: ஐந்து வருஷம் எட்டு மாசம்.
அதற்குள் சின்னவன் பாலிடெக்னிக் முடித்திருப்பான்.
பதினேழாம் பிளாக்கில் மறுநடவு செய்த செம்பனை
காய்த்திருக்கும்,
பன்றிகள் குருத்தை விட்டுவைத்தால்.

மேனேஜர் வாங்கிக் கொடுத்தது. ஆயிரத்து இருநூறு வெள்ளி.
"விமலேஸ்வரி, இதுக்கப்புறம் குறி தப்பினா
அது உங்க தப்பு" என்றார், சிரித்தபடி.
துணைப் போலீஸ் சட்டையில் எனக்குப் பதினோரு வருஷம்.
நானும் சிரித்துவைத்தேன்.

நவம்பர் மழையில் ஒரு ராத்திரி.
டிராக்டர் டிரெய்லர்மேல் நான், டார்ச்சோடு நாகேந்திரன்.
கண்ணாடியில் விழுந்த ஒவ்வொரு துளிக்குள்ளும்
ஒரு புள்ளி.
எதிரே ஒரே பன்றி, என்னிடம் முப்பது புள்ளி.
கைச்சட்டையால் துடைத்தேன், ஆவி படிந்தது.
நாகேந்திரன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு
"அக்கா, அக்கா" என்றதுதான் மிச்சம்.
அது சாவகாசமாகத் தின்று முடித்து
குட்டிகளைக் கூட்டிக்கொண்டு போனது.

இதைச் சொன்னால் ஆ லெக் விடுவானா?
"கண்ணாடி மங்கினா, அது வழியாப் பாக்கிற ஆணியும்
மங்கத்தானே செய்யும்?"
சரிதான்.
கருவியைக் கழற்றிப் பைக்குள் போட்டால்தான்
ஆணிக்கு வேலை.
அதற்கொரு நெம்பு இருக்கிறது.
அன்றைக்கு என் விரல் அதை மறந்துபோயிருந்தது.

மழையை விடு. அவனிடம் சொல்லாதது வேறு.

காய்ந்த ராத்திரியிலும்
என் புள்ளி உருண்டையாக இல்லை.
மசாலா இடிக்கையில் தெறித்த மிளகாய்த் தூள் மாதிரி
மேலே ஒரு கீற்று, கீழே இரண்டு.
கருவிதான் கெட்டுவிட்டது என்று ஒரு வாரம் திட்டினேன்.
பிறகு கைப்பேசியில் படம் பிடித்துப் பார்த்தேன்:
பொட்டு வைத்த மாதிரி, உருண்டையாக, ஒழுங்காக இருந்தது.
கண்ணாடிக் கடைப் பெண் காகிதத்தில் வரைந்து காட்டினாள்:
"பந்து மாதிரி இருக்கணும்கா. உங்களுக்கு முட்டை."

லைசென்ஸ் புதுப்பிக்க மார்ச்சில் போக வேண்டும்.

அப்படியானால் ஆணியாவது தெளிவா? அதுவும் இல்லை.
நாற்பத்தெட்டு வயதுக்குக் கைநீட்டுத் தூரம்
பனி மூட்டம்.
முன்குறி பஞ்சுத்திரியாக நிற்கிறது,
பின்குறியின் பள்ளம் யாரோ கடித்த பிஸ்கட்.
ஆனால் ஆணி தன் மங்கலை
தன்னிடத்திலேயே வைத்துக்கொள்கிறது,
புள்ளியைப் போல வழியெல்லாம் சிந்துவதில்லை.
தெறித்த சிவப்பின் நடுவும் பஞ்சின் நுனியும்
ஒன்றின்மேல் ஒன்று உட்காரும் அந்த ஒரு நொடியில்
இரண்டு பொய்க்காரர்கள், தனித்தனியாக விசாரித்தும்,
ஒரே வீட்டைக் கை காட்டிய மாதிரி இருக்கிறது.
அப்போதுதான் விசையில் விரல் வைக்கிறேன்.
ஜனவரியிலிருந்து நான்கு பன்றி. ஒன்று தப்பியது.

"ஆணி இருக்கட்டும்" என்றேன்.
"வயசானவங்க எல்லாம் இப்படித்தான் சொல்றாங்க."
அரத்தை வைத்துவிட்டு நாலு சொட்டு எண்ணெய் விட்டான்,
அதற்கும் ஐந்து வெள்ளி.

சினாப்பாங்கை உறையில் போட்டு, தோட்டா வேனை எடுத்தேன்.
போஸ்ட் ஆபீஸ் முனையில் சிவப்பு விளக்கு
மழை இல்லாமலே செம்பருத்தியாக விரிந்து நிற்க,
எது விளக்கு, எது என் கண் என்று
பார்த்துக்கொண்டே இருந்தேன்.
பின்னால் செம்பனை லோரி ஹாரன் அடித்தது.
பச்சை விழுந்து எவ்வளவு நேரமோ.