முதல் ஜோடி, ஆறு நாற்பது

நாங்கள் வார்த்துக் கொடுத்த இம்பெல்லர்
இந்த வருஷம் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.
அதற்காக பம்பு கம்பெனிக்காரர் தந்தது இரண்டு பாஸ்:
ஐம்பது தாண்டியவர்களின் கோல்ஃப் பந்தயம்,
செட்டிபாளையம், கடைசி நாள்.

வாசலில் ஒரு தாள்.
ஐம்பத்து மூன்று பெயர்.
யார் எத்தனை மணிக்கு, யார் யாரோடு.
எங்கூட்டுக்காரர் அதை மடித்தார், விரித்தார்,
எந்தப் பந்தியில் உட்கார்ந்தால்
பாயசம் தீராமல் இருக்கும் என்று பார்ப்பவர் போல.

"கடைசிக் கூட்டந்தான். ஒன்பதரைக்கு.
முதல்ல நிக்கறவன் அதுலதான் வருவான்.
அதுவரைக்கும் டீ குடிக்கலாம்."

தப்பில்லை.
ஜக்பீர் இருக்கிறார் அதில்;
அறுபதிலும் போர்வெல் குழாய் மாதிரிக் கை.
கொழும்பு விமலதாச இருக்கிறார்,
அடித்து முடித்ததும் குடை மடக்குவது போல் மட்டையை மடக்குவாராம்.
பந்தோடு கன்னடத்தில் சண்டை போடும்
மைசூர் நஞ்சுண்டப்பா
அதற்கு முந்தின கூட்டம்.

எனக்கு முட்டி வலி.
பதினெட்டுக் குழியும் ஒரு தடவைதான் நடக்க முடியும்.
ஒரே இடத்தில் குடையை ஊன்றி உட்கார்ந்தால்
ஐம்பத்து மூன்று பேரும் என்னைத் தாண்டித்தான் போகணும்,
ஆனால் ஆளுக்கு ஒரு அடிதான் கிடைக்கும்.
அது ரயில்வே கேட்டில் நின்று
ஊர் பார்த்த மாதிரி.

பழைய மோட்டார் வாங்கும்போது
ஓடும் சத்தத்தை நான் நம்புவதில்லை.
ஸ்விட்சை அணைக்கச் சொல்லிவிட்டுக்
காதை வைப்பேன்.
நிற்கப் போகிற சக்கரம்
பேரிங்கைப் பற்றிப் பொய் சொல்லாது.

தாளில் மேலே முதல் வரி.
மூன்றாமவர் இடுப்புப் பிடித்து விலகிவிட்டதால்
இரண்டே பேர்:
பல்தேவ் ராம், மீரட்.
எபனேசர், வெலிங்டன்.
பட்டியலில் கடைசி இருவர்.
கடைசி நாளில் கடைசி ஆட்கள்தான்
முதலில் இறங்குகிறார்கள்.

ஆறு நாற்பது.
மதுக்கரை மலை இன்னும் பாதி நீலம்.
பனிப் புல்லில் நாலு பேர் தடம்,
பையைத் தூக்கிய பையன்கள் இருவரையும் சேர்த்து.
கயிற்றுக்கு இந்தப் பக்கம்
என் செருப்புத் தடம் ஒன்று.
தடதடவென்று ஒரு மயில் குறுக்கே ஓடியது,
நேரமாகிவிட்ட மில் தொழிலாளி போல.

மூன்றாவது குழியில்
எபனேசரின் பந்து முப்பதடி உருண்டு உள்ளே விழுந்தது.
கை தட்டினேன்.
ஒற்றை ஆள் தட்டினால்
காக்கா விரட்டுவது போல்தான் கேட்கிறது.
ஆனாலும் தொப்பியைத் தொட்டார்.

ஐந்தில் ஒன்று. எட்டில் ஒன்று.
பல்தேவ் இரண்டு பந்தைக் குட்டையில் போட்டுவிட்டு
பையனிடம் வெற்றிலை கேட்டார்.
பன்னிரண்டில்
எபனேசர் நாலடி தூரத்தை
நாலு நிமிஷம் குனிந்து பார்த்தார்.
அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.
என் நிழல்
அவர் பந்து போகும் வழியில் கிடந்தது.
சித்த நகர்ந்தேன்.
நான் அன்றைக்கு ஆடிய ஆட்டம்
அவ்வளவுதான்.

பதினெட்டு முடிகையில் மணி பத்து.
என் விரல் கணக்கில் சமத்துக்கு ஆறு குறைவு.
நேற்று வரை பதினாறு அதிகம்.
அப்போதுதான் கொடி படபடத்தது.
பாலக்காட்டுக் கணவாய்
கதவைத் திறந்துவிட்டது.

போனில் எங்கூட்டுக்காரர்:
"மூணாவது குழிக்கு வா. சீக்கிரம் வா.
என்னா காத்துங்கறெ!
ஜக்பீர் பந்து ரெண்டும் கருவேலங்காட்டுக்குள்ள.
தேடிட்டிருக்காங்க. நானும் தேடறேன்."

கணக்குத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு
கயிற்றோரம் வந்தார் எபனேசர்.
"பல்தேவ் வீட்டுக்காரங்களா நீங்க?"
"இல்லீங்க."
"அப்புறம்?"
"பாஸ் இருந்துச்சுங்க."
சிரிக்கவில்லை.
கையுறையைக் கழற்றியபடி கேட்டார்,
"பன்னெண்டுல கொஞ்சம் இடது பக்கம் திரும்புச்சு,
பாத்தீங்களா?"

பார்த்தேன் என்றேன்.
என்னை விட்டால்
அதைச் சொல்ல
அவருக்கு வேறு ஆள் இல்லை.