பதினொன்று தசம் எட்டு

முதலில் ரேடியோ.
செய்தி வாசித்தவர் பாதி வசனத்தில்
தண்ணீருக்குள் இறங்கியது போல் போனார்.
பிறகு வைப்பர்.
இடப்பக்கம் போன கை
வலப்பக்கம் வர யோசித்தது.
கிண்ணியாப் பாலத்தின் நடுவில், ஐப்பசி மழையில்,
முன் லைற் இரண்டும்
பலாச்சுளை நிறத்துக்கு வந்து
பிறகு அந்த நிறமும் இல்லை.
பின்னால் ஒரு மணல் டிப்பர்
ஹோண் அடித்துக்கொண்டே இருந்தது.
திருப்பி அடிக்க
என்னிடம் ஹோண் இருக்கவில்லை.

பற்றரி முடிஞ்சுது என்றார்
தோகாவிலிருந்து இவர்.
பற்றரிதான் என்றான் தம்பி.
காரைத் தள்ளிவிட்ட டிப்பர்க்காரனும்
நனைந்துகொண்டே அதைத்தான் சொன்னான்.
அநுராதபுரச் சந்தியில் முப்பத்தோராயிரத்துக்குப் புதிது.
பழையதுக்கு நாலாயிரம் கழித்தார்கள்.
கடைப்பெடியன் அதை ஒரு கையால் தூக்கி
மற்றச் செத்தவைகளுக்கு மேல் வைத்தான்.
நான் பில்லை மடித்துக்கொண்டிருந்தேன்.

மூன்று நாள்.
நாலாம் நாள் மட்டிக்களி வளைவில்
மறுபடியும் முதலில் ரேடியோ.

ஹில்மி பாஸ் எஞ்சினை ஓடவிடச் சொன்னார்.
மீற்றரின் சிவப்பு முனையை ஒன்றில் தொட்டார்,
கறுப்பை மற்றதில்.
பதினொன்று தசம் எட்டு.
"லைற்றப் போடுங்க."
பதினொன்று தசம் மூன்று.
"ஏசியையும்."
இலக்கம் இறங்குவதற்குச் சத்தமில்லை.
எனக்குக் கேட்டது.

"ஓடக்கொள்ள பதினாலு காட்டோணும் டீச்சர்.
ஓல்டனேட்டர் ஒண்டும் அனுப்புதில்ல.
வரவு நிண்ட வீட்டுல
கையில கிடந்தத எடுத்து எடுத்து
எல்லாருக்கும் குடுத்திருக்கு இது.
பற்றரிட பிழை இல்ல."

பதினோராம் ஆண்டுக்கு
மின்காந்தத் தூண்டல் படிப்பிக்கிறவள் நான்.
கரும்பலகையில் காந்தம், சுருள், அம்புக்குறி.
இரண்டு மாதமாக டாஷ்போட்டில்
பகலில் தெரியாத அளவுக்கு
ஒரு சின்னச் சிவப்பு எரிந்துகொண்டிருந்தது.
அதன் வடிவம் பற்றரி.
ஆகவே பற்றரி என்றே நினைத்தேன்.
படம் போட்டவன் ஏன்
குற்றம் செய்ததை விட்டுவிட்டுக்
காயம்பட்டதை வரைந்தான்?

கழற்றி ஈரச் சாக்கில் வைத்தார்.
பெல்ற் சரி. பெயரிங் சரி.
செம்பில் கடற்காற்றின் பச்சை.
காபன் பிரஷ் இரண்டில்
ஒன்று தேய்ந்து நெல்லளவு.
மற்றதைத் தேட வேண்டியிருந்தது.
"சுத்துது டீச்சர். தொடுகுதில்ல.
அவ்வளவுதான் விசயம்."

இரவு அதை அப்படியே
தோகாவுக்குச் சொன்னேன்.
சுத்துதாம், தொடுகுதில்லையாம்.
இரண்டு பக்கமும் கொஞ்ச நேரம் பேச்சில்லை.
பிறகு இவர்,
"எவ்வளவு முடிஞ்சுது?"

பிரஷ் தொள்ளாயிரம். கூலி இரண்டாயிரம்.
பதினாலு தசம் இரண்டு.
லைற் போட்டு, ஏசி போட்டு,
ரேடியோவை உச்சத்தில் வைத்தும்
பதினாலை விட்டு இறங்கவில்லை.

பற்றரிக் கடைக்குத் திரும்பப் போனேன்.
ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.
"அதா மிஸ்? ஒரு இரவு சார்ஜில போட்டம்,
கல்லு மாதிரி நிண்டுது.
சல்லியிலிருந்து கேதாரன் அண்ணை
எண்ணாயிரத்துக்குக் கொண்டு போயிற்றார்,
கணவாய்க்கு லைற் பிடிக்க.
நல்ல சாமான்.
ஏன் குடுத்தனீங்கள்?"

மழை விட்ட இரவொன்றில்
உப்புவெளிக் கரையில் காரை நிறுத்தினேன்,
எஞ்சினை நிற்பாட்டாமல்.
கடலில் ஏழெட்டு விளக்குகள்.
ஒன்று மட்டும் கொஞ்சம் வெள்ளையாக,
பிடிவாதமாக.
அதுதான் என்று வைத்துக்கொண்டேன்.
முன் லைற்றை இரண்டு தரம்
அணைத்துப் போட்டேன்.
அங்கிருந்து ஒன்றும் வரவில்லை.
அதற்கு வேலை இருந்தது.

விடிய, சந்தையில்,
கணவாய் அரைக்கிலோ வாங்கினேன்.
விலை பேசவில்லை.