பதினாலாம் தேதி

செவ்வாய் இரவு, சமூக மன்றத்தின் மூன்றாம் மாடி,
மேசைப்பந்துச் சத்தத்துக்கு அடுத்த அறை.
மிஸ் ஓங் வெள்ளைப் பலகையில் ஒரு கோடு இழுத்தார்,
முடிவில் ஒரு புள்ளி.
கோடு முழுக்க நிரம்பினால் அன்டில்.
புள்ளியைத் தாண்டாமல்
கோட்டில் எங்கோ ஒரு குத்து விழுந்தால் போதுமென்றால் பை.

காத்திரு, தங்கு, தூங்கு, வேலை பார்:
நீளுகிற வினைகளுக்கு அன்டில்.
முடி, அனுப்பு, வெளியேறு, போய்ச் சேர்:
ஒரே முறை நடந்து ஓய்கிறவற்றுக்குப் பை.

நோட்டில் எழுதிக்கொண்டேன்:
அன்டில், வரை.
பை, க்குள்.
நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறதே என்று கொஞ்சம் பெருமைகூட.
க்குள் என்கும்போது
தேதிக்கே ஓர் உள்பக்கம் வந்துவிடுகிறது,
பிஸ்கட் டின்னுக்கு இருப்பதுபோல.
வரை என்றால் கோடு. வரை என்றால் மலையும்தான்.
அதற்கு மேல் யோசிக்க நேரமில்லை.
பத்துக்குள் சாந்தர் ரோடு கடைக்குப் போய்ச் சேர வேண்டும்,
காலை ஆறு வரை கல்லாவில் நிற்க வேண்டும்.

நோட்டு சரி.
பிசகியது வாய்.

ஞாயிறு மட்டும் எனக்குப் பகல் ஷிப்ட்.
துவாஸ் விடுதியிலிருந்து சேவுகன் வந்தான்,
இடக்கை மோதிர விரல் பாதியோடு நின்றிருந்தது.
எட்டாக மடித்த கடிதம், ஆங்கிலத்தில்.
நஷ்டஈட்டுத் தொகையில் மறுப்பு இருந்தால்
எங்களை வந்து சேர வேண்டும், பை பதினாலு.
பின்னால் வரிசையில் அரிசி மூட்டையோடு ஒருவர்
தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார்.
நான் சொன்னேன்:
"பதினாலாம் தேதி வரைக்கும் டைம் இருக்கு தம்பி."

பிழையே இல்லாத தமிழ்.
இரு என்பது நீளுகிற வினை.
டைம் நீண்டது, அவனும் கூடவே நீண்டான்.
அறைத்தோழனைக் கேட்டான், போர்மேனைக் கேட்டான்,
தேவகோட்டைக்குப் போன் போட்டு மனைவியைக் கேட்டான்.
பதிமூன்றாம் தேதி ஓவர்டைம்.
பதினாலு மாலை, மழையோடு மழையாக,
தபால் பெட்டியில் போட்டுவிட்டு எனக்கு மெசேஜ்கூட அனுப்பினான்:
போட்டாச்சுக்கா.

பதினாறாம் தேதி போய்ச் சேர்ந்தது.

போனில் அந்தப் பெண்ணின் குரல் அன்பாகவே இருந்தது.
"பைன்னுதானே போட்டிருக்கு லா" என்றது.
ஆமாம் என்றேன். தேங்க்யூ என்றேன்.
எதற்கு நன்றி சொன்னேன் என்று
இன்னும் தெரியவில்லை.

அவனிடம் சொன்னேன், தப்பு என்னோடது, வாய் தவறிட்டேன் என்று.
"நீங்க சொன்ன தமிழ் சரிதானேக்கா" என்றான்.
திட்டியிருந்தால்
வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பேன்.

அடுத்த கடிதமும் என்னிடம்தான் வந்தது.
முதல் வரி: முப்பது வரை தங்கலாம்.
மூன்றாம் வரி: முப்பதுக்குள் வெளியேற வேண்டும்.
இந்த முறை இரண்டு தடவை படித்தேன்,
ஒவ்வொரு சொல்லுக்கும் விரல் வைத்து.
"ரெண்டும் ஒரே தேதிதானே?"
"ஒரே தேதிதான்."
"அப்புறம் எதுக்கு ரெண்டு வார்த்தை?"

உள்ளே நின்று பார்த்தால் ஒன்று, வெளியே நின்று பார்த்தால் ஒன்று
என்று சொல்ல வாயெடுத்தேன்.
யாரோ சில்லறை கேட்டார்கள், கொடுத்தேன்.

கடைசி ஞாயிறு. கோடாலித் தைலம் ஆறு,
மைலோ பெரிய பாக்கெட் ஒன்று,
மகளுக்குத் தண்ணீர் நிரப்பி அசைத்தால்
பனி கொட்டுகிற மெர்லயன்.
இங்கே பனி பெய்ததை
நானும் பார்த்ததில்லை, அவனும் பார்த்ததில்லை.
ஒன்பதரை விரலால் நோட்டுகளை எண்ணி வைத்தான்.

பழக்கத்தில் கேட்டுவிட்டேன்:
"பை வேணுமா?"

ஒரு நொடி என்னைப் பார்த்தான்.
பிறகு கடையே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தான்.
"பை வேணாம்க்கா, நிறைய வாங்கியாச்சு.
அன்டில் இருந்தா
ஒண்ணு போடுங்க."