மூன்று நிமிடம்

டார்பி ஊருக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகை.
என் பிக்கப்பின் ஸ்டியரிங்குக்கு அடியில்
தலையை நுழைத்துக் கிடக்கிறான் ஆர்லோ ஹௌக்லண்ட்.
விவாகரத்துக்கு முன்பு கொழுந்தன்.
இப்போது என்ன முறை என்று மொன்டானாவில் யாருக்கும் தெரியாது.
வீடு அவருக்கு, வண்டி எனக்கு என்றது கோர்ட்டு.
தேனீக்களை யாரும் கேட்கவில்லை.

"ஏற்றத்தில் செத்துச் செத்துப் பிழைக்கிறது" என்றேன்.
"எவ்வளவு இழுக்கிறாய்?"
"நூற்றிருபது பெட்டி. டிரெய்லரோடு ஏழு டன்."
"நிஜத்தைச் சொல்."
"ஏழரை."

லேப்டாப்பில் விரிந்தது என்ஜினின் மனசு.
கட்டம் கட்டமாய் எண்கள்.
குறுக்கே சுழலும் வேகம், நெடுக்கே காலின் அழுத்தம்,
இரண்டும் சந்திக்கும் இடத்தில்
எத்தனை துளி டீசல்,
எத்தனை டிகிரி முன்கூட்டி.

இதை எழுதியவன் என்னைப் பார்த்ததில்லை.
மட்டமான டீசல் ஊற்றுகிறவன்,
ஆயில் மாற்ற மறப்பவன்,
பாலைவனத்தில் படகை இழுத்துப் போகிற கிறுக்கன்,
எல்லோருக்குமாகச் சேர்த்து
ஒரு பயத்தை எழுதி வைத்திருக்கிறான்.
பதினோரு வருஷமாய்
அந்தப் பயத்தைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

ஆர்லோ ஒன்றிரண்டாய்க் கூட்டினான்.
டர்போ கொஞ்சம் சீக்கிரம் விழிக்கட்டும்,
கியர் அவசரப்பட்டு மாறாமல் பிடித்து நிற்கட்டும்.
"புகை வடிகட்டியைக் கழற்றமாட்டேன், கேட்காதே."
"நான் கேட்கவேயில்லை."
"வாயைத் திறந்தாயே."

பழைய மேப்பை எடுத்துத் தனியே வைத்தான்.
கோப்புக்குப் பெயர்: டோரீன் ஹௌக்லண்ட், ஒரிஜினல்.
இப்போது நான் டோரீன் ப்ரூயிட்.
திருத்தச் சொல்ல நினைத்தேன்.
அதற்குள் பட்டனை அழுத்திவிட்டான்.

"முடிகிறவரை சாவியைத் தொடாதே.
பாதியில் கரண்ட் போனால்
பழையதும் இருக்காது, புதியதும் இருக்காது.
மூன்று டன் இரும்புதான் மிஞ்சும்."
பேட்டரிக்குச் சார்ஜர் மாட்டி
இருவரும் திரையில் நகரும் கோட்டைப் பார்த்திருந்தோம்.
அந்தப் பாதி எனக்குத் தெரியும்.
போன வருஷம், ஏப்ரல் முதல் அக்டோபர் வரை.

காசு வாங்கும்போது சொன்னான்:
"சைலன்சர் வாயில் ஆயிரத்து இருநூறு ஃபாரன்ஹீட் தாண்டினால்
டீசலைக் குறைப்பேன். நான் இல்லை, என் எண்கள்.
திட்டாதே."

பிப்ரவரி. நள்ளிரவு.
லாஸ்ட் டிரெயில் கணவாய்.
வலைக்குள் நூற்றிருபது குடும்பம், எல்லாம் ராணியோடு.
வழக்கமாக முக்கி முனகும் நாலாவது மைலை
வண்டி பேசாமல் ஏறியது.
முன்னால் ஒரு மரலாரி,
தாண்டிப் போனேன். வாழ்க்கையில் முதல் தடவை.
சிரித்தேன், சத்தமாக, தனியாக.

காற்று மெலிந்தது.
முள் ஆயிரத்து நூற்றைம்பதில் நின்றது,
யோசித்தது, ஏறியது.
நான் இன்னும் அழுத்தினேன்.
பாதத்துக்கு அடியில் மிதி மட்டும் இறங்கியது,
வண்டி அதற்குமேல் வரவில்லை.
ஆர்லோ இந்நேரம் குறட்டை விட்டுக்கொண்டிருப்பான்.
அவன் எண் தூங்கவில்லை.
திட்டினேன். பிறகு காலை எடுத்தேன்.
மரலாரி பின்னால் வந்து சேர்ந்தது,
ஹாரன் அடிக்காமல்.

உச்சியில் நிறுத்தினேன்.
ஏறிய சூட்டோடு அணைக்கக் கூடாது.
டர்போ ஆறுகிறவரை மூன்று நிமிடம்
சும்மா ஓடட்டும்.
இறங்கிப் போய் வலையில் காதை வைத்தேன்.
முன்பக்கம் ஒரு ரீங்காரம்,
பின்பக்கம் ஒரு ரீங்காரம்,
இரண்டுக்கும் சுருதி சேரவில்லை.
வானம் நிறைய நட்சத்திரம், மூக்கில் பனி.

மூன்று நிமிடம் ஆனது.
நான் இன்னும் ஆறவில்லை.
இன்னொரு மூன்று கொடுத்தேன்.